ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மலை



எவரெஸ்டின் உயரம் என்னவென்று கேட்டால் நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. அதே பிள்ளையைக் கண்டிக்கு அருகே திகனப் பக்கம் கூட்டிப்போய், எதிரே நீலமாக நிற்கும் மலைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். திருதிருவென்று விழிக்கும். பாடசாலையைக் குறை சொல்லாதீர்கள். அந்த மலையைப் பார்த்தபடியே வாழ்ந்தும், ஒருநாள்கூட விரல் நீட்டிக் காட்டாதவர்கள் நாம்தான்.

அது நக்கிள்ஸ் மலைத்தொடர், சிங்களத்தில் தும்பறை. பிள்ளையைக் கை பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மடக்கிய விரல்மொளிகளைப் போலச் சிகரங்கள் தெரிந்ததால்தான் ஆங்கிலேயர் அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் உயர்ந்த கொம்பனியா 1,906 மீற்றர். 2010இல் உலக மரபுரிமையான, இலங்கையின் மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் இதுவும் ஒன்று. இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

அடுத்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நில்லுங்கள். பேராதனை வழியாக வடக்கே வரும் மகாவலி ஆறு, கண்டியைச் சுற்றிக்கொண்டு ஏன் கிழக்கே திரும்புகிறது? பிள்ளையே யோசிக்கட்டும். வடக்கிலும் வடகிழக்கிலும் மலை மறிக்கிறது. தும்பறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, மலையைச் சுற்றிக் கடந்த பிறகே ஆறு மறுபடி வடக்கே திரும்பி, திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. ஆறு தாண்டாத மலையை மனிதர் குடைந்தார்கள். 1976 முதல் பொல்கொல்லையில் மறித்த நீரில் ஒரு பங்கு, சுரங்கவழியே உக்குவளைக்குப் போய், வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது. நாம் பாலத்தில் நின்று பார்க்கும் தண்ணீர், எங்கோ ஒரு வீட்டின் சோறு.

இது பரீட்சையோடு முடிகிற அறிவும் அல்ல. சரிவில் வீடு கட்டி வாழ்கிறோம். அடைமழையில் நிலத்தில் புது வெடிப்பு ஓடினால், மரம் சாய்ந்தால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால், மண் சரியப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? அதைச் சொல்லித்தராமல் வேறெதைச் சொல்லித் தருகிறோம்?

ஒரேயொரு ஞாயிறு டியூஷன் வகுப்பை விடுங்கள். பனிமூட்டம் ஏறுமுன் ஹந்தானை மலைக்குக் கூட்டிப் போங்கள். அதற்கும் முடியாவிட்டால், திகன பஸ்ஸில் போகும்போதாவது பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். முதலில் நம் கைத்தொலைபேசியைப் பையில் போடுவோம். நாம் நிமிர்ந்து பார்த்தால்தான் பிள்ளையும் பார்க்கும்.