தள்ளாடுவோர் எல்லாம் குடித்தவர்களா?

உடன்குடி கடைத்தெருவில் ஒருவர் தள்ளாடி நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "பட்டப்பகலிலேயே குடித்துவிட்டான்!" என்பார்கள். விடிலியில் பதநீர் காய்ச்சும் பெண், கால் ஓய்ந்து உட்கார்ந்தால், "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்பார்கள்.

இரண்டு பேச்சும் தவறாக இருக்கலாம். அவர்களுக்கு நரம்பு நோய் இருக்கலாம்.

என்ன நோய்?

நடையைக் கெடுக்கும் நரம்பு நோய்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். 1868-ல் பாரிஸ் நகர டாக்டர் ஷார்கோ இதைத் தனி நோயாக விளக்கினார்.

மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருக்கிறது அல்லவா? மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் காவல் படை, அந்த உறையையே பகை என்று எண்ணி அரித்துவிடுகிறது. "நட" என்று மூளை இடும் கட்டளை காலுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. கால் மரக்கிறது, விறைக்கிறது, முன்பாதம் தரையில் இழுபடுகிறது. சிலருக்குக் கண் பார்வையும் மங்கும்.

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது தொற்றுநோய் அல்ல.

வெயிலும் அடுப்பும்

காலையில் நன்றாக நடந்தவர், உச்சி வெயிலில் தள்ளாடுவார். நிழலில் இளைப்பாறினால் தேறுவார். ஊரார் "நடிப்பு" என்று சொல்வது இதைத்தான்! உடம்பில் சூடு சற்று ஏறினாலும் பழுதான நரம்பு சரியாக வேலை செய்யாது. உடல் உழைப்புக்குப் பின் நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதை ஜெர்மன் டாக்டர் ஊட்டாஃப் 1890-ல் கவனித்து எழுதினார். தேரிக்காட்டு வெயிலிலும் அடுப்பு அனலிலும் உழைக்கும் ஊர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

என்ன செய்வது?

மந்திரித்துக் கயிறு கட்டி நாளைக் கடத்தக் கூடாது. நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். தூத்துக்குடியிலும் நெல்லையிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், அது திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். உடற்பயிற்சியும் கைத்தடியும் நடைக்கு உதவும்.

கை, கால் திடீரென்று ஒரு பக்கமாக விழுந்துவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

சட்டத்தின் துணை

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக இந்த நோயையும் சேர்த்திருக்கிறது. டாக்டர் சான்றிதழ் பெற்று, அடையாள அட்டைக்கு மனுச் செய்யலாம். 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் நோயாளிகளுக்காகப் பாடுபடுகிறது.

நோய் காலைத் தளர்த்துகிறது. ஊரின் ஏச்சோ மனத்தையே ஒடித்துவிடுகிறது. ஏச்சுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்குகிறவர், ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்.

ஆகவே, ஒருவர் தள்ளாடி வந்தால் கேலி வேண்டாம். கை கொடுங்கள், நிழலில் உட்கார வையுங்கள், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம்!