முதலில் ஸ்பிரிங், அப்புறம் எஞ்சின்!

"பொம்பளப் பிள்ளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"னு சிரிக்காமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

எங்க தாத்தா 1988-இல் வாங்கிய வெள்ளை அம்பாசிடர் இன்னும் எங்க வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. டீசல் வண்டி. தெருவில் யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் ராத்திரியில் அதைத்தான் எடுப்பாங்க. தாத்தாவுக்குப் பிறகு சித்தப்பா ஓட்டுகிறார்.

மேட்டில் ஏறும்போது வண்டி முக்குதாம். அதனால் சேமிப்புப் பணம் முழுக்கப் போட்டு இசுசு எஞ்சின் வைக்கணும்னு சித்தப்பா சொல்றார். இது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து.

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுபிறவி. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2014 வரை செய்தார்கள். எங்க வண்டியில் உள்ள டீசல் எஞ்சின் 1489 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சின் 1817 சி.சி. சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு!

"கம்பெனியே 1990-களில் அம்பாசிடரில் வச்ச எஞ்சின்தானே?" என்கிறார் சித்தப்பா. உண்மைதான். ஆனால் கம்பெனி எஞ்சினை மட்டுமா மாற்றியது? ஐந்து கியர் உள்ள கியர்பாக்ஸையும் சேர்த்துத்தானே வைத்தது!

அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகி, மறுபடி நிமிரும் இரும்புக் கம்பி அது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள். இவை குலுக்கலைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். அது தேய்ந்தால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும், சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. சிலர் கூடுதலாகப் பட்டை சேர்ப்பார்கள். பாரம் தாங்கும், ஆனால் ஆள் குறைவாக ஏறினால் தூக்கித் தூக்கிப் போடும்.

அறிவியல் பாடத்தில் இயக்க ஆற்றல் படித்தோமே, ஞாபகம் இருக்கா? வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 80-இல் போனால், நிறுத்துவதற்கும் பிரேக் நான்கு மடங்கு வேலை செய்யணும். பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு புது வேகம் எதற்கு? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பாட்டி இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாங்க. நானும் கூடப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இடிக்க இடிக்க, "ஐயோ சாமி"ன்னு பாட்டி என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க. அன்னைக்கு எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சு. பாட்டியை அழ வைத்தது ஸ்பிரிங்தான்!

ஆகவே சித்தப்பாவுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். முதலில் பிரேக். அடுத்து ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், பட்டை. அப்புறம் காசு மிஞ்சினால் எஞ்சின். அதுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கணும். எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறதே!

"உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"ன்னு சித்தப்பா கேட்டார். மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்து வேலை பார்க்கும்போது டார்ச் பிடித்ததே நான்தான்னு சொன்னேன். சிரித்தார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது நல்லதுதான். ஆனால் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, உள்ளே இருப்பவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே முக்கியம். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால் முதலில் கீழே குனிந்து பாருங்கள்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி