ஞாயிறு யாருக்குச் சொந்தம்?

வாரத்தின் ஆறு நாளும் உத்தியோகமென்றும் பள்ளியென்றும் ஓடிக் களைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தி சாயும்போது பொழுது போன இடம் தெரியவில்லையே என்று பெருமூச்சு விடுவதைத் திண்டிவனம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு காண்கிறேன். அந்த நாள் இனாமாக வந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் பல வருஷம் போராடி, 1890இல் பெற்ற உரிமை அது. நம் ஊர் வயலில் களை பறிக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இன்னும் எட்டவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிட வேண்டும். எட்டியவர்களோ, தங்கள் பிள்ளைகளின் ஞாயிற்றையும் தனி வகுப்புகளுக்குக் காணிக்கையாக்குகிறார்கள்.

விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பணம் வேண்டும், நகரம் வேண்டும் என்பது ஒரு பிரமை. கோடையில் வற்றிய ஏரிக்குள் மட்டையும் பந்துமாக இறங்கும் பையன்களுக்கு அந்தப் பிரமை இல்லை. மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒரு பழைய சைக்கிள். அதில் ஏறிப் போய்ப் பார்க்க நம் பக்கத்திலேயே இடங்கள் உண்டு.

தமிழ்ச் சமணரின் மடம் விளங்கும் மேல்சித்தாமூரிலேயே, மலைநாதர் கோயிலின் பாறையில் பாகுபலியும் பார்சுவநாதரும் தருமதேவியும் நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து மேற்கே மிதித்தால் செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று. அதன் பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்க, அருகே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. ‘ஐ’ என்னும் எழுத்தைக் கல்லில் காணக்கூடிய மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று என்று அறிந்து, அந்தக் கோடுகளின்மேல் கண்ணை ஓட்டி நிற்கும் சிறுவனுக்கு, எந்தத் தனி வகுப்பு அதற்கு ஈடான பாடத்தைச் சொல்லிவிடும்?

கல்லைப் பார்ப்பது வேலையற்றவர் காரியம் என்பாருக்கு, உ. வே. சாமிநாதையரை நினைவூட்டுகிறேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், பாடம் சொல்லி மிஞ்சிய பொழுதில்தான் ஏடுகளைத் தேடினார். சைவச் சூழலில் வளர்ந்தவர், சமண நூற்பொருள் கேட்டு அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்கு நடந்தார். அதன் பயனாக 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. நம் காலத்தில் மதுரைப் பக்கத்துச் சமணக் குன்றுகளுக்கு, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் முயற்சியால் ‘பசுமை நடை’ என்று ஒரு கூட்டமே நடந்து போகிறது. விழுப்புரம் சீமைக்கு மட்டும் கால் இல்லையா?

ஒரு சௌகரியமும் உண்டு. மேல்சித்தாமூரிலிருந்து காலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டால் வெயில் முதுகில் விழும். மாலையில் கிழக்கே திரும்பினாலும் முதுகில்தான். பொழுது சாயுமுன் உண்டுவிடும் சமண வீட்டார் அழைத்திருந்தால் மட்டும் சற்று வேகமாக மிதிக்க வேண்டியிருக்கும்.