விலையைப் பார்த்து ஊரை முடிவு செய்!
விமான டிக்கெட்டில் பணம் மிச்சம் பிடிக்கும் புதுக் கணக்கு

அருப்புக்கோட்டை,-

ஊரை முடிவு பண்ணிவிட்டு டிக்கெட் விலையைப் பார்த்தால் பாக்கெட் காலி! விலையைப் பார்த்துவிட்டு ஊரை முடிவு பண்ணினால் பணம் மிச்சம்!

விமான டிக்கெட் வாங்குவதில் இதுதான் இப்போதைய கணக்கு.

பங்குனிப் பொங்கல் முடிந்து, முழுப்பரீட்சையும் முடிந்தால் "எங்கேயாவது போவோமே" என்று வீட்டுக்கு வீடு பேச்சு கிளம்பும். முன்பெல்லாம் அந்தப் பேச்சில் குற்றாலமும் கொடைக்கானலும்தான் வரும். இப்போது மில் தொழிலாளி வீட்டிலும், தறி ஓட்டுகிறவர் வீட்டிலும் விமானமும் சேர்ந்து வருகிறது.

ஆனால் விலை? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று! ஏன் இப்படி? விவரம் வருமாறு:-

மல்லிகைப் பூ மாதிரி!

முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும். முகூர்த்தம் இல்லாத நாளில் கேட்க ஆள் இருக்காது. அன்றைக்கு விற்காத பூ வாடிப் போகும். விமான சீட்டும் அப்படித்தான். விமானம் மேலே கிளம்பிவிட்டால் காலி சீட்டுக்குக் காலணா தேறாது.

அதனால் ஒரே விமானத்தின் சீட்டுகளைப் பல விலைகளாகப் பிரித்து வைக்கிறார்கள். முதல் சில சீட்டுகள் குறைந்த விலை. அவை தீர்ந்ததும் அடுத்த விலை. கூட்டம் ஏற ஏற விலையும் ஏறும்.

2003-ல் கிளம்பிய ஏர் டெக்கான் கம்பெனி 1 ரூபாய்க்கு டிக்கெட் விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. விமானத்தில் இருந்த எல்லாருக்குமா கிடைத்தது? இல்லை. சில சீட்டுகளுக்கு மட்டும்தான் அந்த விலை. முந்தியவர்களுக்கு யோகம்!

"எங்கே வேண்டுமானாலும்"

கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் புறப்படும் ஊரை மட்டும் போட்டால் போதும். போகும் ஊரைக் காலியாக விடலாம். "எங்கே வேண்டுமானாலும்" என்றும் தேடலாம். எந்த ஊருக்கு எவ்வளவு என்று வரிசையாக வந்து நிற்கும். ஒரு மாதத்தில் எந்தத் தேதி மலிவு என்பதும் தெரியும்.

வெள்ளி, ஞாயிறு, பண்டிகைக்கு முதல் நாள் என்றால் கூட்டம், விலையும் அதிகம். வாரத்தின் நடுவில் புறப்பட்டால் பெரும்பாலும் குறைவு.

சீட்டுக்கு 2 ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். 4 பேர் குடும்பம் போக, வர 16 ஆயிரம் மிச்சம்! ஒரு குடும்பத்துக்கு மாதக் கணக்கில் மளிகைக்கு ஆகும் பணம் அது.

ஒரு ரோடு, மூன்று ஏர்போர்ட்

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திருச்சி- மதுரை- தூத்துக்குடி நாற்கரச் சாலை ஊரை ஒட்டியே போகிறது. மூன்று ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது.

மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம். தூத்துக்குடியில் ஓடுபாதை நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. ஆகவே புறப்படும் இடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா 2023 டிசம்பரிலும் விசா இல்லாமல் இந்தியர்களை அனுமதிக்கத் தொடங்கின. இந்தச் சலுகைகள் அடிக்கடி மாறுகிறவை. டிக்கெட் போடும் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மலிவா, மாயமா?

திரையில் தெரியும் விலை மட்டும் செலவு அல்ல. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு வழக்கமாக 15 கிலோ பெட்டியும், கையில் 7 கிலோவும்தான். மிஞ்சினால் தனிக் காசு. ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு. திருச்சியில் 1,500 ரூபாய் குறைகிறது என்று கார் வைத்துப் போனால், கார் வாடகை அதை விழுங்கிவிடும்!

சென்னைக்குத்தான் என்றால் சிலம்பு எக்ஸ்பிரஸ் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பயணத்தை ரத்து செய்தால் "ஒன்றும் கிடைக்காது" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மலிவு டிக்கெட் ஆனாலும் விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்க வேண்டும்.

மோசடி ஆசாமிகளும் இந்த ஆசையைத்தான் குறி வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் "பாதி விலை டிக்கெட்" என்று வந்தால் உஷார்! பணம் கட்டியதும் பி.என்.ஆர். எண்ணை அந்த விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். ரீஃபண்ட் தருவதாக போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்லவே கூடாது. ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யலாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்வார்?

இத்தனை வித்தையும் ஊர் சுற்றப் போகிறவர்களுக்குத்தான். டெல்லியில் தகப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தால், "கோவா மலிவாக இருக்கிறதே" என்று மகன் கோவாவுக்குப் போக முடியுமா? நாளை மறுநாள் துபாயில் வேலைக்குச் சேர வேண்டியவர் அடுத்த மாதம் வரை காத்திருப்பாரா? ஊரையும் தேதியையும் மாற்ற முடியாத இவர்கள் தலையில்தான் கடைசி நேர விலை விழுகிறது.

2025 டிசம்பரில் இது நாடு முழுவதும் தெரிந்தது. இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது மற்ற விமானங்களில் கட்டணம் தாறுமாறாக ஏறியது. மத்திய அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், அதிகபட்சம் 18 ஆயிரம் ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு போட்டது. கொரோனா காலத்திலும் 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை இப்படி ஒரு வரம்பு இருந்தது. இடர் வந்தால் மட்டும் வரம்பு. மற்ற நாளில் கம்பெனி வைத்ததே விலை!

போட்டி இருந்தால்தான் விலை இறங்கும். மதுரையின் பெயர் பல நாடுகளுடனான விமான ஒப்பந்தங்களில் சேர்க்கப்படாததால், அந்த நாட்டுக் கம்பெனிகள் மதுரைக்கு வர முடியவில்லை என்பது தென்மாவட்ட மக்களின் நீண்டகால மனக்குறை. விமானம் கூடினால், ஊரை மாற்ற முடியாதவர்களுக்கும் விலை குறையும்.

அதுவரை, போகிற ஊரை மாற்ற முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவர்கள், தேதி தெரிந்த அன்றைக்கே டிக்கெட்டைப் போட்டுவிடுவதுதான் ஒரே வழி!