தரம் ஒன்பதிலிருந்து வீடு வரும் தாள்



மூன்றாம் தவணை முடிவை நெருங்கும்போது, தரம் 9 இல் படிக்கும் பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். சில பாடசாலைகளில் அது அச்சிட்ட படிவம். சிலவற்றில் வகுப்பாசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளை கொப்பியில் பார்த்தெழுதிய அரைப் பக்கம். இப்பொழுது வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகவும் வந்து விழுகிறது. அதற்கு மேலே இருபது ஸலாமும் கீழே முப்பது ஜஸாக்கல்லாஹு கைராவும் இருப்பதால் பலருடைய கண்ணில் அது படுவதேயில்லை. தரம் 10, 11 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிள்ளை எந்தப் பாடங்களைப் படித்துச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றப் போகிறது என்று கேட்கும் தாள் அது. அடியில் பெற்றோரின் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டில் கையொப்பமிடுபவர் அநேகமாக உம்மாதான். வாப்பா கடையில் இருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார். "எல்லாரும் எதை எடுக்கிறாங்களோ அதையே எடு மகள்" என்று சொல்லி, அடுப்படியில் நின்றபடியே கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார். வருடக்கணக்காக இந்தத் தாள்களை வாங்கி அடுக்கி வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே வகுப்பிலிருந்து வரும் நாற்பது தாளில் முப்பது தாள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போலவே இருக்கும். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே விருப்பமும் ஒரே திறமையும் இருக்குமா, சொல்லுங்கள்.

சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். அவற்றில் ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. நமது பிள்ளைகளுக்குச் சமயம் இஸ்லாம், தாய்மொழி தமிழ். இந்த ஆறில் நாம் தெரிவு செய்ய எதுவுமில்லை. எஞ்சிய மூன்றுக்குத்தான் அந்தத் தாள். மூன்று தொகுதிகள் இருக்கும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரேயொரு பாடம். பிள்ளைகள் இதை 'பாஸ்கட் பாடம்' என்பார்கள்.

முதலாம் தொகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியுரிமைக் கல்வி, முயற்சியாண்மைக் கல்வி, இரண்டாம் மொழியாகச் சிங்களம், அரபு ஆகிய எல்லாமே அந்த ஒரு தொகுதிக்குள் அடங்குகின்றன. வேறு பிறமொழிகளும் உண்டு. கணக்கு எழுதத் தெரிய வேண்டுமென்று ஆசைப்படும் வாப்பாவும், சிங்களம் பேச வேண்டுமென்று நினைக்கும் உம்மாவும், அரபு படிக்கட்டும் என்று சொல்லும் வாப்பும்மாவும் ஒரே கூடைக்குள் கைவிடுகிறார்கள். வெளியே வருவது ஒன்றுதான்.

நான் மௌலவி, அரபு படிப்பிப்பவன். ஆகவே அரபைத்தான் எடுக்கச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி எல்லாருக்கும் சொல்வதில்லை. மத்ரஸாவுக்குப் போகும் எண்ணமுள்ள பிள்ளை, உயர்தரத்தில் அரபை ஒரு பாடமாக எடுக்க விரும்பும் பிள்ளை, ஏற்கெனவே ஓரளவு இலக்கணம் தெரிந்த பிள்ளை, இவர்கள் எடுக்கட்டும். நல்ல பெறுபேறு வரும். ஆனால் குர்ஆனைப் பார்த்து ஓதத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அரபுப் பாடத்தை எடுத்துவிட்டு, இறந்தகாலம், நிகழ்காலம், எழுவாய், பயனிலை என்று வந்ததும் திகைத்து நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். ஓதல் வேறு, மொழி வேறு. அரபை முற்றாக விடவும் மனமில்லை என்றால் இரண்டாம் தொகுதியைப் பாருங்கள். அங்கே தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கிய நயத்தோடு அரபு இலக்கிய நயமும் இருக்கிறது. உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருந்தால், முதலாவதில் சிங்களமும் இரண்டாவதில் அரபும் எடுக்கலாம். இந்த வழி பலருக்குத் தெரியாது.

சிங்களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை தரம் 6 முதல் 9 வரை அதை இரண்டாம் தேசிய மொழியாகப் படித்தே வருகிறது. தரம் 10 இல் அது தெரிவுப் பாடமாக மாறியதும் பலர் கைவிட்டு விடுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒரு படிவத்தை நிரப்ப இன்னொருவரின் உதவிக்கு நிற்கும் நம் பெண்களின் நிலையை நீங்களே அறிவீர்கள். 2007 முதல் அரச சேவையில் சேர்வோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆசிரியையாகவோ அலுவலகத்திலோ மகள் வேலை செய்ய வேண்டுமென்று விரும்பும் உம்மா இதைக் கணக்கில் எடுப்பது நல்லது.

மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், ஊடகக் கல்வி, வடிவமைப்புத் தொழினுட்பப் பாடங்கள் எனப் பல. இங்கே நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பெண் பிள்ளை என்றால் மனைப்பொருளியல், ஆண் பிள்ளை என்றால் கணினி. மனைப்பொருளியல் சின்னப் பாடமல்ல. போசாக்கு, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வரவுசெலவு எல்லாம் அதில் உண்டு. விருப்பமுள்ள பிள்ளை நன்றாகச் செய்யும். ஆனால் கணினியில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையை, "பொம்புளப் புள்ளைக்கு அது என்னத்துக்கு" என்று திருப்பிவிடுவது எந்த நியாயத்தில் சேரும்? வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில்கள் இன்று அந்தப் பாடத்தின் வழியாகவே அதிகம் வருகின்றன. வெளியே அனுப்பப் பயப்படும் வீட்டார்தான் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

தாளில் அச்சாகியிருக்கும் பாடங்கள் எல்லாம் உங்கள் பாடசாலையில் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர் இருக்கும் பாடம்தான் நடக்கும். "இந்தப் பாடத்துக்கு இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா?" என்று பகுதித் தலைவரிடம் நேரில் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஒரு தொண்டர் ஆசிரியையை நம்பி இருபது பிள்ளைகள் ஒரு பாடத்தைத் தெரிவு செய்து, அவர் நியமனம் கிடைத்துப் போனதும் தரம் 11 முழுவதும் ரியூஷன் வகுப்பிலேயே ஓடியதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு எந்தப் பாடம் ஒத்துவரும் என்பதை அறிய இன்னொரு வழி: பக்கத்து வீட்டில் தரம் 10 படிக்கும் பிள்ளையின் பாடப்புத்தகத்தை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிக் கொடுத்து, இரண்டு பாடம் வாசிக்கச் சொல்லுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசித்துவிட்டுப் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். சிநேகிதி எடுக்கிறாள் என்பதற்காகச் சொல்கிறதா, உண்மையில் பிடித்துச் சொல்கிறதா என்பது உம்மாவுக்கு விளங்கும்.

இனி, பல வீடுகளில் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். "வணிகம் எடுக்காவிட்டால் பிறகு உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்க ஏலாது" என்று பயந்து, கணக்கீடு துளியும் ஒத்துவராத பிள்ளையை அதில் தள்ளுகிறார்கள். அது கட்டாயத் தகைமை அல்ல. உயர்தரத்துக்குப் போகத் தேவைப்படுவது தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி. அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி, அதாவது 'சி' அல்லது அதற்கு மேல். 50 புள்ளிக்கு மேல் எடுத்தால் 'சி', 35 எடுத்தால் 'எஸ்'. இந்த மூன்று 'சி'யைத் தேடித்தருவதில்தான் தொகுதிப் பாடங்களின் பெறுமதி இருக்கிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தடுமாறும் பிள்ளைக்குச் சித்திரமோ, இலக்கிய நயமோ, சுகாதாரமோ கைகொடுக்கும். ஆகவே பெருமைக்குரிய பாடம் எது என்று பார்க்காமல், உங்கள் பிள்ளை 50க்கு மேல் எடுக்கக்கூடிய பாடம் எது என்று பாருங்கள். கணிதத்துக்கு மட்டும் மாற்று வழி இல்லை. அதில் விழுந்தால் மற்ற எட்டிலும் 'ஏ' இருந்தாலும் தகைமை முழுமையாகாது. மீண்டும் தோற்றலாம், இரண்டு தடவைக்குள் தகைமையைப் பூர்த்தி செய்ய இடமுண்டு. "கணக்குப் பெயில், இனி வீட்டில் இருக்கட்டும்" என்று முதல் பெறுபேற்றோடு கொப்பிகளைக் கட்டிப் பரணில் போடும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாளில் எழுதப்படாத ஒரு விடயமும் உண்டு. உங்கள் ஊர்ப் பாடசாலை எந்த வகை? 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் இருக்கும். 1சீ என்றால் கலையும் வணிகமும்தான். வகை 2 என்றால் தரம் 11 உடன் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் இஸ்லாம் படித்த ஒரு மாணவி விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'ஏ' எடுத்தாள். ஊரில் இருந்தது 1சீ. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். பெறுபேறு வந்த பின்புதான் வீட்டில் அந்தப் பேச்சே தொடங்கியது. மாமா ஒன்று சொன்னார், சாச்சா ஒன்று சொன்னார், வெளிநாட்டிலிருந்த வாப்பாவோடு பேசி முடிவெடுக்க மூன்று வாரம் போயிற்று. அதற்குள் வேறு பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. அவள் ஊரிலேயே கலைப் பிரிவில் சேர்ந்தாள். கலைப் பிரிவு குறைந்ததல்ல. அதில் படித்துப் பட்டம் பெற்றவர்கள்தான் நம் பாடசாலைகளில் பாதிப் பேர். ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

அதே ஊரில் அடுத்த ஆண்டு ஐந்து உம்மாமார் தங்கள் பிள்ளைகள் தரம் 11 இல் இருக்கும்போதே கூடிப் பேசி, ஊரில் தெரிந்த ஒருவரின் வேனை மாதக் கூலிக்கு ஒழுங்கு செய்து வைத்தார்கள். பெறுபேறு வந்தபோது ஐந்து பிள்ளைகளில் மூன்றுக்கு விஞ்ஞானப் பிரிவுக்குத் தகைமை கிடைத்தது. மூவரும் அந்த வேனில்தான் போய் வந்தார்கள். வாப்பாமாருக்குப் பாதை பற்றிய பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு வேனில் விடை இருந்தது.

2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் என்று இரண்டு. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. அருகில் எங்கே உண்டு என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

திகதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் காலத்தில் சாதாரண தரம் என்றால் டிசம்பர். கொரோனாவுக்குப் பின் அந்த ஒழுங்கு குலைந்தது. 2021 க்குரிய பரீட்சை 2022 மே மாதத்திலும், 2022 க்குரியது 2023 மே இறுதியிலும், 2023 க்குரியது 2024 மே மாதத்திலும், 2024 க்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. 2024 இல் பரீட்சை முடிந்த கையோடு, பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்புகள் தொடங்கின. முன்பு போல் பரீட்சைக்குப் பின் நான்கைந்து மாதம் ஓய்வு என்று கணக்குப் போட்டு, உம்றாப் பயணத்தையோ ராத்தாவின் கல்யாண வேலையையோ அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட வேண்டாம். திகதியைப் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலில் பாருங்கள். முகநூலில் பகிரப்படும் கால அட்டவணைகளில் பாதி பொய். முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு விடுமுறையை ஒட்டி வேறாக வகுக்கப்படுவதால், பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் பாடத்தெரிவு எப்போது நடந்தது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

சென்ற ஆண்டு தாளைக் கொடுத்துவிட்டு, இப்போது தரம் 10 இல் பிள்ளை ஒரு பாடத்தில் திணறுவதைக் காணும் உம்மாமாரும் இதை வாசிப்பீர்கள். முதலாம் தவணையின் ஆரம்ப வாரங்களில் அதிபரிடம் எழுத்தில் கேட்டால் பல பாடசாலைகளில் மாற்றித் தருவார்கள். புதிய பாடத்துக்குரிய விட்டுப்போன பாடங்களைப் பிள்ளை தானே எழுதி முடிக்க வேண்டியிருக்கும். தவணைப் பரீட்சை முடிந்துவிட்டால் மாற்றுவது கடினம். கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பாடத்துக்கு, என்ன காரணம் என்ற நான்கும் இருந்தால் போதும். வாப்பா ஊரில் இல்லையென்றால் உம்மாவே கையொப்பமிட்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், தரம் 12 க்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும் பத்திரங்களைப் பற்றி எழுதுகிறேன்.