கரப்பான்களின் பாட்டும் லைன் வீடுகளும்

எம்டிவியின் முதல் திரைப்படமான ‘ஜோஸ் அபார்ட்மெண்ட்’ (1996) கரப்பான்பூச்சிகளைப் பாடவைத்ததால் தோற்கவில்லை. புளூ ஸ்கை கலைஞர்களின் கணினி உழைப்பில் குறையும் இல்லை. கதையின் கரு, குடியிருப்போரை வெளியேற்றுவது: நியூயார்க்கின் மலிவு வாடகைக் கட்டடம் ஒன்றைக் காலி செய்ய உரிமையாளர் அடியாட்களை ஏவுகிறார், அங்கே சிறைச்சாலை கட்ட அரசியல்வாதி ஒருவர் துடிக்கிறார். இவ்வளவு கூரிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இயக்குநர் ஜான் பேசன் அழுக்கையும் கழிப்பறையையும் காட்டியே சிரிப்பூட்ட முனைகிறார். வறியவரின் அறை நாறுகிறது என்பதே நகைச்சுவை. அது ஏன் நாறுகிறது என்பது படத்துக்குப் பொருட்டல்ல. (‘நான் ஈ’யின் ஈ ஒரு சொல்லும் பேசாது, தன் பகைவன் யாரென்பதை ஒரு கணமும் மறவாது.)

கோலார் தங்கவயலின் தமிழர் இதற்கு எப்படிச் சிரிப்பர்? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று; லைன் வீடுகள் எஞ்சின. அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. படத்தில் கரப்பான்கள் ஓரிரவில் தோட்டம் அமைத்துச் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. தங்கவயலில் இன்றும் காற்றடித்தால் சயனைடு மேடுகளின் புழுதிதான் வீட்டுக்குள் வருகிறது.