பன்றிக்கு ஊசி, மனிதனுக்குப் பலன்

ஸ்ரீவராகம்: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் மறையவில்லை. ஆனால் வலிப்பில் ஒரு பகுதி வராமலே தடுக்கக்கூடியது என்பதும், அதற்கான ஊசியைப் பன்றிக்குப் போட வேண்டும் என்பதும் பலர் அறியாத செய்தி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்டத்தில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையிலுள்ள நாடாப்புழுக் கட்டியே காரணம் எனத் தெரிய வந்தது.

"நாங்கள் பன்றிக்கறியே தொடுவதில்லையே" என்று இங்குள்ள சைவ உணவுக்காரர்கள் கூறலாம். அது போதாது. கட்டியுள்ள கறியை அரைவேக்காட்டில் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டிகள் உண்டாகின்றன. அதே முட்டைகள், கழுவாத காய்கறி வழியாகவோ, புழு உள்ளவர் கை கழுவாமல் சமைத்த உணவு வழியாகவோ பிறர் வயிற்றுக்குள் சென்றால், மூளையில் கட்டி வரலாம். மெஸ்ஸில் சாப்பிடும் நம் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியை அறுக்கும் தடுப்பூசியை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானி லைட்டவ்லர்ஸ் குழுவினர் உருவாக்கினர். கேமரூன் நாட்டுக் கிராமங்களில் ஊசியும் குடற்புழு மருந்தும் பெற்ற பன்றிகள் எதிலும் கட்டி காணப்படவில்லை என 2010-ல் முடிவு வெளியாயிற்று. ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் இந்த ஊசியைத் தயாரித்தது; 2016-ல் இந்தியாவில் பதிவாயிற்று.

பிறகு தடை என்ன? பணம்தான். கட்டி உள்ள பன்றி பெரும்பாலும் நோயுற்றதாகத் தெரிவதில்லை. ஊசி போட்டதற்காகச் சந்தையில் விலையும் கூடுவதில்லை. பிறர் மூளையைக் காக்க ஏழை வளர்ப்பாளர் ஏன் கைக்காசு செலவிடுவார்?

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், கால்நடைகளின் கோமாரித் தடுப்பூசிக்கு மத்திய அரசே முழுச் செலவையும் ஏற்றது. கோமாரி மனிதனைத் தாக்குவதில்லை. பால் வருமானத்தைக் காக்க அரசு முன்வந்தது. மனித மூளையைக் காக்கும் ஊசிக்கும் அதே நியாயம் உண்டல்லவா? கழிப்பறையும் கறிப் பரிசோதனையும் கட்டாயம் தேவை. அவற்றோடு பன்றி ஊசியும் இலவசமானால், சாவிக்கொத்துக்கு வேலை குறையும்.